மூன்றாவது டேக்

'நாளைக் கடை' என்று ஒரு ஜப்பானிய அனிமே தொடர் வந்தது. தமிழில் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ரியோ என்று பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா வாங்கிய கடனுக்காக, நரி முகம் கொண்ட ஒரு வட்டிக்கடைக்காரனிடம் தன் வருங்கால நாட்களை ஒவ்வொன்றாக அடகு வைப்பான். வைத்த நாள் வரும்போது அது அவனுக்கு இருக்காது. தூங்கி எழுந்தால் அதற்கடுத்த நாளாக இருக்கும். முதலில் ஒரு திங்கட்கிழமை போகும். அப்புறம் பள்ளிச் சுற்றுலா போகும். அப்புறம் தங்கச்சி பிறந்தநாள்.

அந்த இருபத்தாறு எபிசோடுக்கும் தமிழ் வசனம் எழுதியது நான்தான். டப்பிங் நடந்ததும் சாலிகிராமத்தில் என்னுடைய ஸ்டுடியோவில்தான். ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இரண்டு அறை, நடுவில் கண்ணாடி. ரியோவுக்குக் குரல் கொடுத்தவள் ஜெசிந்தா. அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. பையன் குரல் என்றால் இந்த ஊரில் அவளைத்தான் கூப்பிடுவோம்.

"மூர்த்திண்ணா, இவன் என்ன லூசா? இன்னும் வராத நாளைப் போய் எவனாச்சும் அடகு வெப்பானா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"வீட்ல நகை இல்லன்னா வேற என்னத்த வெப்பான்?"

"அப்ப நானும் வெக்கலாம்ணா. நம்ம வீட்லயும் இல்ல." சொல்லிவிட்டு ரியோ குரலிலேயே சிரித்தாள்.

வட்டிக்கடைக்காரன் வேஷத்துக்குப் பேச வேண்டியவர் சம்பளம் கட்டுப்படியாகாது என்று வரவில்லை. அதனால் அதையும் நானே பேசினேன். அதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை.

குரல் முத்திரை பற்றி எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மகன் குரலில் பேசி அப்பாவிடம் பணம் பிடுங்குவது, மேனேஜர் குரலில் பேசி கேஷியரை ஏமாற்றுவது என்று கள்ளக்குரல் தலைவிரித்து ஆடிய பிறகு அந்தச் சட்டம் வந்தது. ஒவ்வொரு குரலும் ஒருத்தர் பெயரில் பதிவாக வேண்டும். போனில் வருகிற குரலும் பேசுகிற ஆளின் பெயரும் பொருந்தவில்லை என்றால் லைன் ஊமையாகிவிடும். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு பொருள் ஒருத்தர் பெயரில் பதிவாகிவிட்டால், அதை அடகு பிடிக்கவும் ஒருத்தன் வருவான். அது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

அப்படி வந்தது முன்னொலி நிறுவனம். அதன் அதிகாரி நிரஞ்சன், முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையான பிள்ளை. டீ கொடுத்தால் டம்ளரைத் தானே கழுவி வைப்பான். டப்பிங் கலைஞர்களைச் சேர்த்துவிட்டால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷன் என்று என்னிடம் சொல்லியிருந்தான். ஜெசிந்தாவின் மகள் ஷெரினுக்கு ஜெர்மனியில் நர்சிங் இடம் கிடைத்திருந்த சமயம் அது. மொழி வகுப்பு, ஏஜென்சி, விமானம் எல்லாம் சேர்த்துப் பதினொரு லட்சம் ஆகும். ஜெசியின் புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நான்தான் அவளையும் நிரஞ்சனையும் உட்கார வைத்துப் பேச வைத்தேன்.

"மேடம், இப்ப இருக்கற குரலை நாங்க தொடவே மாட்டோம். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல வரப்போற குரலைத்தான் ஈடா கேக்கறோம்," என்றான் நிரஞ்சன்.

"வராத குரலை எப்படி தம்பி எடுத்துட்டுப் போவீங்க?"

"அது எப்படி வரும்னு எங்களுக்கு இப்பவே தெரியும் மேடம். தொண்டையை ஸ்கேன் பண்ணுவோம். நீங்க பேசின பழைய பதிவெல்லாம் கேப்போம். உங்க அம்மா குரல் ஏதாச்சும் இருந்தா இன்னும் சரியா வரும்."

பெரம்பூர் சர்ச்சில் அவள் அம்மா பாடிய கேசட் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் நிரஞ்சன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, அறுபது வயது ஜெசிந்தா பேசுவதைப் போட்டுக் காட்டினான். ஜெசி தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் பேசுறாங்க இந்தம்மா. யார்கிட்டயோ சண்டை போட்டு ஓய்ஞ்ச மாதிரி இருக்கு."

"இந்தக் குரலுக்கு நல்ல மார்க்கெட் இருக்கு மேடம். ஆஸ்பத்திரி, பேங்க், தனியா இருக்கறவங்களுக்குப் பேச்சுத்துணை, எல்லாரும் கேக்கறாங்க. நீங்க நாப்பத்தஞ்சுக்குள்ள பணத்தைக் கட்டிட்டா குரல் உங்களுக்கே. கட்டலன்னா எங்க பேருக்கு மாறிடும்."

"அடகுதானே ஜெசி," என்றேன். "நகை வெச்சா மீட்கறதில்லையா?"

"அது மீட்டுடலாம்ணா. நாலு வருஷம் இருக்கே."

ஒப்பந்தத்தில் கையெழுத்து செல்லாது. குரலில்தான் சம்மதம் சொல்ல வேண்டும். அதை ஒரு கருவி கேட்கும். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் இருந்தது, எல்லோரும் மனசு மீட்டர் என்போம். மிரட்டலுக்குப் பயந்தோ, வேறு வழியில்லாமலோ ஒருத்தர் சம்மதம் சொன்னால் அது குரலில் தெரிந்துவிடும். சிவப்பு விளக்கு எரியும். ஏழைகளைக் காப்பாற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். மூன்று வாய்ப்பு. மூன்றும் சிவப்பானால் ஒரு வருஷத்துக்கு யாரும் அவர்களிடம் எதையும் எழுதி வாங்க முடியாது.

நல்ல மைக் இருப்பதால் என் ஸ்டுடியோவிலேயே எடுத்துவிடலாம் என்றான் நிரஞ்சன். ரியோ பேசிய அதே அறை. ஜெசி ஹெட்ஃபோன் மாட்டி மைக் முன்னால் நின்றாள். ஸ்டாண்டில் ஒரே ஒரு தாள்.

"ஜெசிந்தா ஆகிய நான், என் நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகான குரலை முழுச் சம்மதத்துடன் ஈடு வைக்கிறேன்."

சிவப்பு.

"ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுச் சொல்லுங்க மேடம்."

குடித்துவிட்டுச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. நிரஞ்சனுக்கு ஏதோ போன் வந்தது, வராண்டாவுக்குப் போனான். அவன் வேண்டுமென்றே போனானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். விருப்பமில்லை என்பது முகத்திலேயே இருந்தது. மீட்டர் எதற்கு? நான் எழுந்து உள்ளே போய், "வேணாம்மா, விட்டுடு" என்று சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. பதினெட்டு வருஷப் பழக்கம். ஒரு டேக் சரியாக வரவில்லை என்றால் அடுத்த டேக்கைச் சரியாக வாங்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். டாக்பேக் பட்டனை அழுத்தினேன். அதில் பேசினால் அவள் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும், பதிவாகாது.

"ஜெசி, இது நீ இல்ல. ஒரு கேரக்டர். உன் பொண்ணு ஏர்போர்ட்ல உள்ள போறா. திரும்பிப் பாத்துக் கை காட்டுறா. நீ இந்தப் பக்கம் நிக்குற. அந்த மூடு."

"சிரிக்கணுமாண்ணா?"

"லேசா. பல்லு தெரிய வேணாம்."

"அவ போறது எனக்கு சந்தோஷம்தானேண்ணா?"

"சந்தோஷம்தாம்மா. நான் கை காட்டினதும் ஆரம்பி."

கையைக் காட்டினேன். சொன்னாள். பச்சை. நான் அவளிடம் வாங்கிய டேக்குகளிலேயே சுத்தமான டேக் அது. நிரஞ்சன் திரும்பி வந்து விளக்கைப் பார்த்துவிட்டு, "சூப்பர் சார்" என்றான், அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

எனக்கு இருபத்திரண்டாயிரம் வந்தது. அதில்தான் ரெக்கார்டிங் அறைக்குச் சத்தம் போடாத ஏசி வாங்கினேன்.

ஷெரின் போனாள். 'நாளைக் கடை' முடிந்தது. கடைசி எபிசோடில் வட்டிக்கடைக்காரன் மனசு மாறி, பிடித்து வைத்த நாட்களையெல்லாம் ரியோவிடம் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்பான். அந்த வசனத்தை உருகிப் பேசினேன். ஜெசி கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்கப்புறம் வேலை குறைந்தது. முன்னொலியிடம் இருந்த குரல்களே படத்துக்கும் தொடருக்கும் வர ஆரம்பித்தன. ஆளைக் கூப்பிட வேண்டாம், டீ வாங்கித் தர வேண்டாம். ஜெசி ஒரு பேக்கரியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். நாற்பத்தைந்து ஆக ஒரு மாதம் இருக்கும்போது, கைப்பையில் ஒன்றரை லட்சத்தோடு என்னைத் தேடி வந்தாள்.

"வாங்கண்ணா, போய் வட்டி கட்டித் திருப்பி வெச்சுட்டு வந்துடலாம்."

நகைக்கடன் வைத்துப் பழகிய எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். வருஷா வருஷம் வட்டியைக் கட்டி, அதே நகையை அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டு வருவோம். நானும் அதை நம்பித்தான் அவளிடம் அடகு என்று சொன்னேன். முன்னொலி அலுவலகத்தில் நிரஞ்சன் எழுந்து நின்று பேசினான்.

"திருப்பி வெக்கறதெல்லாம் நகைக்கு மேடம். நகை அப்படியே இருக்கும். வயசு நிக்காதே. நாங்க ஏற்கெனவே ஆர்டர் எடுத்துட்டோம்."

"மீதியை மாசாமாசம் கட்டுறேன் தம்பி."

"முழுத்தொகை இல்லன்னா வாங்கறதுக்கு சிஸ்டத்துல இடமே இல்ல மேடம். சாரி."

பஸ்சில் திரும்பினோம். வடபழனியில் இறங்கும்போது, "ஷெரினுக்குத் தெரியக்கூடாதுண்ணா. தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு வந்துடுவா," என்றாள்.

தன் நாற்பத்தைந்தாவது பிறந்தநாள் அன்று ஷெரினைப் போனில் அழைத்திருக்கிறாள். இவள் பேசுவது அந்தப் பக்கம் போகவில்லை. 'இக்குரல் வேறொரு உரிமையாளர் பெயரில் பதிவாகியுள்ளது' என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அறிவிப்பைச் சொன்ன குரலும் அவளுடையதுதான்.

முன்னொலியே ஒரு வழி வைத்திருந்தது. மாதம் ஒரு தொகை கட்டினால், நாம் டைப் செய்வதை நம் குரலிலேயே பேசும். ஜெசி கட்டினாள். ஒரு விரலால் தட்டித் தட்டி மகளிடம் பேசினாள். "ஏம்மா யோசிச்சு யோசிச்சுப் பேசுற?" என்று மகள் கேட்பாளாம். கேமரா கெட்டுவிட்டது என்று பொய். சர்ச்சில் ஆராதனை நேரலையாகப் போகும். இவள் பாடினால் பாட்டு மொத்தமும் அடைத்துக்கொண்டது. மைக்கை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். இவள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். நேரில் பேச யாரும் தடுக்கவில்லைதான். ஆனால் நாளெல்லாம் போனோடும் மெஷினோடும் வாழ்கிற காலத்தில், வாயைத் திறந்தால் சிக்கல் என்று ஆகிவிட்டால், மனுஷி தானாகவே பேச்சைக் குறைத்துவிடுகிறாள். குரல் தேய்ந்தது. கரகரப்பாகி, பாதி வார்த்தையில் காற்றாகப் போனது.

அப்படி இரண்டு வருஷம். ஒரு நாள் மத்தியானம் மாடி ஏறி வந்தாள். ஏசிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அண்ணா, தீர்ப்பாயத்துல மனு போட்டிருக்கேன். சம்மதத்தை வேற ஒருத்தர் சொல்லிக்குடுத்து வாங்கினா ஒப்பந்தம் செல்லாதாம். இலவச வக்கீல் அம்மா சொன்னாங்க. அன்னிக்கு எடுத்த டேக் எல்லாம் இருக்காண்ணா?"

"சரியா வராத என்ஜி டேக்கெல்லாம் யாரும்மா வெச்சிருப்பா? அன்னிக்கே அழிச்சாச்சு."

"நீங்க எதையும் அழிக்க மாட்டீங்களே."

"அழிச்சுட்டேன் ஜெசி."

அவள் என்னைப் பார்த்தாள். மீட்டரே தேவையில்லை. "சரிண்ணா" என்று எழுந்து போனாள்.

சொல்லிக்கொடுத்தது நான். அது குற்றம். அபராதம் போடுவார்கள், டப்பிங் லைசென்ஸ் போகும், ஸ்டுடியோ மூட வேண்டியிருக்கும். ஐம்பத்தாறு வயதில் வேறு என்ன தொழில் தெரியும் எனக்கு? பதினொரு நாள் இதையே யோசித்தேன். பன்னிரண்டாம் நாள் பீரோவிலிருந்து அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டினேன்.

மூன்று டேக்கும் இருந்தன. டாக்பேக் பதிவாகாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் என் பேச்சு எதுவும் இல்லை. இரண்டாவது டேக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நீண்ட மௌனம், நடுநடுவே அவள் மட்டும். "சிரிக்கணுமாண்ணா?" மௌனம். "அவ போறது எனக்கு சந்தோஷம்தானேண்ணா?" மௌனம். அந்த மௌனங்களுக்குள் என் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக எனக்குக் கேட்டது. அவளைக் கூப்பிட்டேன்.

தீர்ப்பாயம் எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. உறுப்பினர் ஒரு வயதான அம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் முன்னொலியின் வக்கீல். ஜெசி சாட்சி சொல்ல முடியாது. அங்கேயும் மனசு மீட்டர்தான், அது அவள் குரலை முன்னொலியின் குரல் என்றே எடுக்கும். ஆகவே சாட்சி நான் மட்டும்தான்.

பதிவைப் போட்டார்கள்.

"இந்தப் பொண்ணு யார்கிட்ட 'அண்ணா'ன்னு பேசுது?" என்றார் உறுப்பினர்.

"என்கிட்டங்க."

"நடுவுல நீங்க சொன்னது என்ன? மீட்டர் முன்னால சொல்லுங்க."

சொன்னேன். மகள், ஏர்போர்ட், லேசான சிரிப்பு, எல்லாம் சொன்னேன். நான் உண்மையைத்தான் சொன்னேன். விளக்கு சிவப்பாக எரிந்தது.

முன்னொலி வக்கீல் எழுந்தார். "சாட்சி மனசார சொல்லலைங்க. யாருக்காகவோ சொல்றார்."

"உக்காருங்க. இன்னும் ரெண்டு தடவை இருக்கு," என்றார் உறுப்பினர். "பதட்டப்படாம சொல்லுங்க."

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். மறுபடி சிவப்பு. மீட்டரைக் குறை சொல்ல மாட்டேன். வார்த்தை உண்மைதான், ஆனால் அடிமனசில் ஒரு மூலை அப்போதும் ஸ்டுடியோவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தது. சாலிகிராமம், இரண்டு அறை, அந்த ஏசி. அதைத்தான் அது பிடித்தது. இன்னும் ஒரு தடவைதான். அதுவும் சிவப்பானால் அவள் குரல் போனது போனதுதான்.

நிமிர்ந்தேன். எதிர் பெஞ்சில் ஜெசி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெதுவாக இறக்கினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் அவளுக்கு ஆயிரம் தடவை காட்டிய சைகை. அவசரம் வேண்டாம், மூச்சை விடு. நான் மூச்சை விட்டேன். அவள் கையைத் தூக்கி அப்படியே நிறுத்தி வைத்திருந்தாள். உறுப்பினர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கையில் இருந்த தாளைப் படிக்க ஆரம்பித்தார்.

ஜெசி விரலை நீட்டினாள். ஆரம்பி.

கடைசி எபிசோடில் அந்த வட்டிக்கடைக்காரன் பேசினானே, அந்தத் தொனியில் சொன்னேன். வேறு எந்தத் தொனியும் எனக்கு அப்போது வரவில்லை. பச்சை.

அது மனசாரச் சொன்னதா, இல்லை நானும் நல்ல டேக் கொடுத்தேனா, எனக்கே தெரியாது. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

ஒப்பந்தம் செல்லாது, மனுதாரரின் குரலை இன்றே அவர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவானது. அசல் பதினொரு லட்சத்தை அவள் தவணையில் கட்ட வேண்டும். எனக்கு அபராதமும், ஐந்து வருஷத்துக்கு டப்பிங் தடையும்.

வராண்டாவுக்கு வந்தோம். பன்னிரண்டு மணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்தது. அங்கே காலை எட்டு, எட்டரை இருக்கும், ஷெரின் டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம். ஜெசி போனை எடுத்தாள், எண்ணைப் போட்டாள், எனக்கும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஷெரின்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. முத்திரை இன்னும் மாறவில்லையோ என்று போனைப் பார்த்தேன்.

"அம்மா?"

"நான்தாண்டி."

"என்னம்மா, சளி பிடிச்சிருக்கா? குரலே உன் குரல் மாதிரி இல்ல."

ஜெசி என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக மகள் கேட்டது அந்த நல்ல குரலைத்தான். கரகரப்பில்லாத, பாதியில் காற்றாகப் போகாத குரல். ஜெசி பேசிக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கு எப்படி இருந்திருப்பாளோ, அந்தக் குரல்.

"ஆமாண்டி. லேசா சளி. சரியாயிடும்."

பதினெட்டு வருஷம் அவளுக்கு டேக் சொன்னவன் நான். முதல் டேக்கிலேயே ஓகே ஆகிற வரி அது.

"என்னம்மா நீ, நர்ஸுக்கு அம்மாவா இருந்துட்டு. சுடுதண்ணில உப்புப் போட்டுக் கொப்பளி," என்றாள் ஷெரின். அவள் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. "அப்புறம் ஒரு வாரத்துக்குப் பேசவே பேசாத. தொண்டைக்கு ரெஸ்ட் குடு. எதுவா இருந்தாலும் டைப் பண்ணு, என்ன?"



"சரிம்மா," என்றாள் ஜெசி.